அடையாள அணிவகுப்பு: கண்ட சாட்சியின் நினைவைச் சோதிக்க வந்த நடைமுறையின் வரலாறு

குற்ற வழக்குகளில் நிகழ்வை நேரில் கண்டவரின் சொல்லுக்கு எல்லா நாட்டு நீதிமுறைகளும் தொன்றுதொட்டு முதலிடம் தந்துவந்திருக்கின்றன; ஆனால் அந்தச் சொல்லின்மேல் அவை கொண்ட ஐயம் பெரும்பாலும் சாட்சி பொய் சொல்கிறாரா என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிட்டது. மனுநூலின் எட்டாம் அத்தியாயம் யாரைச் சாட்சியாக ஏற்கலாம், யாரை ஏற்கலாகாது என்று நீளமாகப் பேசுகிறது. அங்கே விலக்கப்படுவோரில் வழக்கில் ஆதாயம் உடையவர்கள், நண்பர்கள், பகைவர்கள், முன்பே குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவர்கள் ஆகியோர் இடம்பெறுகின்றனர். ஆங்கிலேய நீதிமுறையில் வளர்ந்து இந்தியாவுக்கு வந்துசேர்ந்த சத்தியப்பிரமாணமும் குறுக்கு விசாரணையும் பொய்ச் சாட்சிக்கான தண்டனையும் அதே கவலையிலிருந்து பிறந்தவையே. வஞ்சகனைப் பிடிக்க இவை பெரிதும் உதவும். ஆனால் வஞ்சகமே இல்லாமல், தான் கண்டதாக மனமார நம்பி, தவறான ஆளைச் சுட்டும் ஒரு சாட்சியின் முன் இவை ஏறக்குறைய செயலற்றுப் போகின்றன. அத்தகைய சாட்சி சத்தியத்துக்கு அஞ்சமாட்டார், ஏனெனில் அவர் சத்தியத்தை மீறவில்லை. குறுக்கு விசாரணையில் தடுமாறமாட்டார், ஏனெனில் மறைப்பதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. நினைவு தவறக்கூடும் என்பதைக் கருத்தில்கொண்டு நீதிமுறை தனக்கென உருவாக்கிக்கொண்ட மிகச் சில சாதனங்களுள் ஒன்றே அடையாள அணிவகுப்பு. அது எப்படிப் பிறந்தது, யார் யார் வாழ்நாளை விலையாகக் கொண்டு திருத்தப்பட்டது, எந்த இடத்தில் திருந்தாமல் நின்றது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முன்பின் அறிந்திராத ஒருவரைக் குற்றம் செய்தவராகச் சாட்சி சொல்லும் வழக்குகளில், சந்தேகத்துக்குரியவரை அவரைப் போன்ற தோற்றமுடைய, வழக்கோடு தொடர்பில்லாத பலரோடு வரிசையாக நிறுத்தி, சாட்சியை அழைத்து, தான் கண்டவர் இவர்களில் இருக்கிறாரா என்று கேட்பதே அடையாள அணிவகுப்பு. இந்நடைமுறை வருவதற்கு முன்பு காவல்துறை கையாண்ட வழி எளிமையானது: பிடிபட்டவரைத் தனியாகச் சாட்சியின் முன் கொண்டுவந்து, இவர்தானா என்று கேட்பது. அந்தக் கேள்விக்குள்ளேயே பதில் அடங்கியிருக்கிறது என்பதை லண்டன் மாநகரக் காவல்துறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் உணரத் தொடங்கியது. 1860-இல் வெளியான அதன் உத்தரவொன்று, சந்தேகத்துக்குரியவரைப் பிறரோடு சேர்த்து நிறுத்தியே காட்டவேண்டும் என்று விதித்தது. இன்று உலகின் பல நாடுகளில் பின்பற்றப்படும் வழக்கத்தின் எழுத்து வடிவிலான தொடக்கங்களுள் இதுவும் ஒன்று. தவறான ஆளைச் சுட்டும் வாய்ப்பைக் குறைப்பதே அதன் நோக்கம். ஆனால் வரிசையில் நிற்கும் மற்றவர்கள் எப்படிப்பட்டவர்களாக இருக்கவேண்டும், யார் அவர்களைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பதில் அக்காலத்தில் அக்கறை காட்டப்படவில்லை. தெருவில் போவோர் வருவோரை அழைத்து நிறுத்தினாலே போதும் என்று கருதப்பட்டது.

அதே நூற்றாண்டின் இறுதியில், பழங்குற்றவாளிகளை இனங்காணும் பணியிலும் லண்டன் காவல்துறை மனித நினைவையே நம்பியிருந்தது. துப்பறிவாளர்களும் சிறைக் காவலர்களும் ஹாலோவே சிறைக்கு வாரந்தோறும் சென்று, அங்கே விசாரணைக் கைதிகளாக அடைக்கப்பட்டிருந்தோரின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இவர் முன்பு தண்டனை பெற்றவரா என்று நினைவுகூர முயல்வது வழக்கமாக இருந்தது. இந்த முறையின் குறைகள் 1890-களில் அரசே அமைத்த ஒரு விசாரணைக் குழுவின் முன் வந்தன. மாற்றுவழி இந்தியாவிலிருந்து சென்றது. வங்காள நிர்வாகத்தில் பணியாற்றிய வில்லியம் ஹெர்ஷல் 1858-இல் ஓர் ஒப்பந்தத்தில் கைரேகை பதியவைத்துத் தொடங்கிய பழக்கம், வங்காளக் காவல்துறைத் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றியின் கீழ் அஜீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்திய அலுவலர்களின் கணித உழைப்பால் முறையான வகைப்பாடாக உருப்பெற்றது. 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு நிறுவப்பட்டது. 1901-இல் ஹென்றியோடு அம்முறை லண்டன் சென்றது. இந்த நிகழ்வுத் தொடரில் கவனிக்கவேண்டிய உண்மை ஒன்று உண்டு. தன் சொந்த அலுவலர்களின் நினைவை நம்பலாகாது என்று கண்டுகொண்ட அரசு, அவர்களுக்கு விரல்ரேகையைக் கொடுத்தது. ஆனால் வழிப்பறிக்கும் மோசடிக்கும் ஆளான பொதுமக்களின் நினைவை அதே ஐயத்தோடு பார்க்க அதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின.

அடால்ஃப் பெக் என்பவரின் வழக்கு அந்தத் தாமதத்தின் விலையைக் காட்டுகிறது. நார்வேயில் 1841-இல் பிறந்து, தென் அமெரிக்காவில் பல ஆண்டுகள் வாழ்ந்து, 1885-இல் இங்கிலாந்துக்கு வந்த பெக், 1895 டிசம்பர் 16 அன்று லண்டன் விக்டோரியா தெருவில் தன் வீட்டு வாசலில் நின்றபோது, மொழி கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் அவரை வழிமறித்து, தன் கடிகாரங்களையும் மோதிரங்களையும் ஏமாற்றி எடுத்துச்சென்றவர் அவரே என்று குற்றம்சாட்டினார். மோசடிக்காரனின் முறை விசித்திரமானது: தன்னைப் பிரபு என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, தனியே வாழும் பெண்களோடு பழகி, தன் வீட்டை நிர்வகிக்கவோ தன்னோடு பயணம் செய்யவோ அழைத்து, புத்தாடை வாங்குவதற்கென்று செல்லாக் காசோலை ஒன்றை எழுதிக்கொடுத்து, மோதிர அளவு பார்ப்பதாகச் சொல்லி அவர்களுடைய நகைகளை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவான். இதே முறையில் ஏமாற்றியதற்காக ஜான் ஸ்மித் என்ற பெயருடைய ஒருவன் 1877-இல் ஐந்தாண்டுத் தண்டனை பெற்றிருந்தான். ஆகவே பெக்கே அந்த ஸ்மித் என்ற ஊகம் உடனே எழுந்தது.

ஏமாற்றப்பட்ட பெண்கள் ஒவ்வொருவராக வரவழைக்கப்பட்டு, பெக் நின்ற வரிசையின் முன் நிறுத்தப்பட்டனர். அந்த வரிசையில் இருந்த மற்றவர்கள் தெருவிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள். நரைத்த தலையும் மீசையும் உடையவர் பெக் ஒருவரே. தாங்கள் பார்த்தது நரைத்த மீசைக்காரரை என்று நினைவில் வைத்திருந்த பெண்களுக்கு அந்த வரிசை வேறு யாரைக் காட்டமுடியும்? அவர்கள் ஒருவர்பின் ஒருவராக அவரையே சுட்டினர். அத்தோடு, 1877-இல் ஸ்மித்தைக் கைது செய்த காவலர் ஒருவரும் நீதிமன்றத்தில் வந்து, இவரே அந்த ஸ்மித் என்று சத்தியம் செய்து சொன்னார். இடையில் கழிந்திருந்தவை ஏறத்தாழ 18 ஆண்டுகள்.

பெக் தரப்பின் வாதம் தெளிவானது. 1877-இல் அவர் தென் அமெரிக்காவில் இருந்தார் என்பதற்குச் சாட்சிகள் இருந்தனர். இரண்டு காலத்து மோசடிகளும் ஒரே கையெழுத்தில் அமைந்தவை என்று அரசுத் தரப்பு நிபுணரே ஒப்புக்கொண்டால், 1877-இல் ஊரிலேயே இல்லாத ஒருவர் 1895-இன் குற்றவாளியாக இருக்கமுடியாது. ஆனால் 1896 மார்ச்சில் வழக்கை விசாரித்த நீதிபதி ஃபாரஸ்ட் ஃபுல்டன், பழைய வழக்கைப் பற்றிய சாட்சியம் இந்த வழக்குக்குப் பொருந்தாது என்று அதை ஏற்க மறுத்தார். 1877-இல் ஸ்மித்துக்கு எதிராக அரசுத் தரப்பில் வாதாடியவரும் அவரே. பெக்குக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. சிறையில் அவருக்குத் தரப்பட்ட எண், ஸ்மித்தின் பழைய எண்ணோடு மீண்டும் வந்த குற்றவாளி என்பதைக் குறிக்கும் ஓர் எழுத்தைச் சேர்த்தது. 1898-இல் அவருடைய வழக்கறிஞரின் முயற்சியால் பழைய சிறைப் பதிவேடு எடுத்துப் பார்க்கப்பட்டபோது, ஸ்மித் விருத்தசேதனம் செய்யப்பட்டவன் என்றும் பெக் அப்படியல்லர் என்றும் தெரியவந்தது. இருவரும் ஒருவரல்லர் என்பதற்கு இதைவிடத் தெளிவான உடற்சான்று வேண்டியதில்லை. அரசு என்ன செய்தது? கைதி எண்ணிலிருந்து அந்த எழுத்தை நீக்கியது. தண்டனையை அப்படியே விட்டது. பெண்கள் பெக்கை நேரில் சுட்டியிருக்கிறார்களே என்ற ஒரு காரணம், உடல் சொன்ன உண்மையைவிட வலுவாக நின்றது.

1901-இல் விடுதலையான பெக், 1904-இல் மீண்டும் அதே வகைக் குற்றச்சாட்டில், மீண்டும் பெண்களின் அடையாளம் காட்டலின்மேல், குற்றவாளி என்று முடிவு செய்யப்பட்டார். இம்முறை நீதிபதிக்கு ஏதோ உறுத்தியது. அவர் தண்டனை அறிவிப்பதைத் தள்ளிவைத்தார். சில நாள்களில், 1904 ஜூலையில், பெக் சிறையில் இருந்தபோதே, அதே முறையில் மோதிரங்களை ஏமாற்றி வாங்கி அடகுவைக்க முயன்ற ஒருவன் பிடிபட்டான். அவனே உண்மையான ஸ்மித். இயற்பெயர் வில்ஹெல்ம் மெய்யர். அவனைக் கண்ட பெண்கள் தங்கள் பிழையை உணர்ந்தனர். பெக்குக்கு மன்னிப்பும், பின்னர் 5,000 பவுண்டாக உயர்த்தப்பட்ட இழப்பீடும் கிடைத்தன; செய்யாத குற்றத்துக்காக ஒருவருக்கு அரசு மன்னிப்பு வழங்குவதில் உள்ள அநீதியைச் சொல்லாமல் கடந்துபோக முடியாது. சர் ரிச்சர்ட் ஹென் காலின்ஸ் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. தீர்ப்பை எதிர்த்து முறையிட வழியற்றிருந்த இங்கிலாந்தில் 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிறந்தது. பெக் 1909-இல் வறுமையில் இறந்தார்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும் ஆதாயமே. ஆயினும் அது பெக் வழக்கின் மூலநோயைத் தொடவில்லை. அங்கே பொய் சொன்னவர் யாருமில்லை. பெண்கள் அனைவரும் உண்மையில் ஏமாற்றப்பட்டவர்கள், தங்களுக்கு நேர்ந்ததை நேர்மையோடு சொன்னவர்கள். பலர் ஒன்றுபோலச் சொல்வது உண்மைக்கு அடையாளம் என்ற நம்பிக்கையும் அங்கே தகர்ந்தது. ஒரே குறையுள்ள வரிசையைப் பத்துப் பேர் பார்த்தால் பத்துப் பேரும் ஒரே பிழையைத்தான் செய்வார்கள், அதைப் பத்து மடங்கு சான்று என்று எண்ணுவது கணக்குத் தவறு.

இந்தப் பாடம் கற்கப்படவில்லை என்பதற்கு ஸ்காட்லாந்து விரைவிலேயே சான்று தந்தது. கிளாஸ்கோ நகரில் 1908 டிசம்பரில் மூதாட்டி ஒருவர் வீட்டுக்குள் கொல்லப்பட்ட வழக்கில், ஜெர்மனியில் பிறந்த யூதரான ஆஸ்கர் ஸ்லேட்டர் சந்தேகத்துக்கு உள்ளானார். அவர் அமெரிக்கா சென்றிருந்ததால் சாட்சிகள் நியூயார்க்குக்கு அழைத்துச்செல்லப்பட்டனர். அங்கே நீதிமன்றத்துக்கு வெளியே, அலுவலர்கள் சூழ அவர் நடத்திக் கொண்டுவரப்பட்டதைச் சாட்சிகள் முதலில் பார்த்தனர். அவருடைய புகைப்படமும் அவர்களிடம் காட்டப்பட்டிருந்தது. கிளாஸ்கோவில் நடந்த அணிவகுப்பில் அவரோடு நின்றவர்கள் பெரும்பாலும் சாதாரண உடையில் இருந்த உள்ளூர்க் காவலர்களும் ரயில்வே ஊழியர்களும். அயல்நாட்டுச் சாயலும் கருத்த முடியும் உடையவர் அவர் ஒருவரே. 1909-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்ட ஸ்லேட்டர், ஆர்தர் கானன் டாயில் உள்ளிட்டோரின் நெடுங்கால முயற்சிக்குப் பின் 1927-இல் வெளியே வந்தார். 1928-இல் தீர்ப்பு நீக்கப்பட்டது. இந்த வழக்கு புதிதாக வெளிப்படுத்திய உண்மை, அணிவகுப்பு நடக்கும் வேளையில் சாட்சியின் மனத்தில் இருப்பது குற்றம் நடந்த இரவின் முகம்தானா, அல்லது இடையில் காட்டப்பட்ட புகைப்படத்தின் முகமா என்பதைச் சாட்சியாலேயே பிரித்தறிய முடியாது என்பதாகும்.

நீதிமன்றங்கள் தட்டுத் தடுமாறிக் கண்டதை ஆய்வுக்கூடம் வேறு வழியில் கண்டது. பெர்லின் பல்கலைக்கழகத்தில் 1901-இல் சட்ட அறிஞர் ஃபிரான்ஸ் ஃபான் லிஸ்ட்டின் வகுப்பில் மாணவர் இருவருக்கிடையே வாய்ச்சண்டை மூண்டு, ஒருவர் கைத்துப்பாக்கியை உருவும் காட்சி ஒன்று முன்னேற்பாட்டோடு நடத்தப்பட்டது; மற்ற மாணவர்கள் அதை உண்மை என்றே நம்பி, பின்னர் தாங்கள் கண்டதை எழுத்திலும் வாய்மொழியிலும் விவரித்தனர். மிகக் குறைவாகப் பிழை செய்தவரின் விவரத்திலும் நூற்றுக்கு 26 பங்கு தவறு இருந்தது. மிகுதியாகப் பிழை செய்தவரிடம் அது 80 பங்கு. விடுபட்டவை மட்டுமல்ல, யாரும் பேசாத பேச்சும் யாரும் செய்யாத செயலும் அவ்விவரங்களில் புகுந்திருந்தன. ஜெர்மனியில் வில்லியம் ஸ்டெர்ன் இத்தகைய ஆய்வுகளைத் தனித் துறையாக வளர்த்தார். ஹார்வர்டில் பணியாற்றிய ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க் 1908-இல் நீதிமன்றச் சாட்சியம் பற்றி எழுதிய நூலில் சட்டத்துறையினர் உளவியலைப் புறக்கணிப்பதாகக் கடிந்துகொண்டார். சாட்சியச் சட்டத்தின் பேரறிஞரான ஜான் ஹென்றி விக்மோர் 1909-இல் அதற்கு எழுதிய கடுமையான மறுப்பு, நீதிமன்றத்துக்குப் பயன்படத்தக்க ஆய்வுகளை உளவியலாளர் இன்னும் தரவில்லை என்று வாதிட்டது. அந்த மறுப்பில் நியாயம் இருந்தது. ஆனால் அதன்பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இரு துறைகளும் ஒன்றையொன்று பாராமல் இருந்ததற்கு நியாயம் இல்லை.

அந்த மௌனம் 1970-களில் கலைந்தது. எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், கார் விபத்துப் படம் ஒன்றைப் பார்த்தவர்களில் 50 பேரிடம் கார்கள் மோதி நொறுங்கியபோது என்ன வேகத்தில் சென்றன என்றும், வேறு 50 பேரிடம் ஒன்றையொன்று இடித்தபோது என்ன வேகத்தில் சென்றன என்றும் கேட்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து, படத்தில் உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு முதல் குழுவில் 16 பேரும் இரண்டாம் குழுவில் 7 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடி இல்லவே இல்லை. விசாரணை அலுவலர் எந்த உள்நோக்கமும் இல்லாமல் கேட்கும் ஒரு சொல்கூடச் சாட்சியின் நினைவுக்குள் சென்று அதன் பகுதியாகிவிடக்கூடும் என்பதே இதன் பொருள். கேரி வெல்ஸ் என்ற உளவியலாளர் 1978-இல் இன்னொரு வேறுபாட்டைத் தெளிவாக்கினார்: வெளிச்சம், தூரம், அச்சம் போன்றவை நீதித்துறையின் கையில் இல்லாதவை, அணிவகுப்பை நடத்தும் விதம், சாட்சியிடம் சொல்லப்படும் சொற்கள் போன்றவை அதன் கையில் உள்ளவை. முன்னவற்றுக்காக வருந்துவதைவிடப் பின்னவற்றைத் திருத்துவதே பயன் தரும் என்பது அவர் வாதம். அதே ஆய்வாளர் ஏமி பிராட்ஃபீல்டுடன் சேர்ந்து 1998-இல் வெளியிட்ட சோதனை இன்னும் அச்சம் தருவது. தவறான ஆளைச் சுட்டியவர்களிடம், சரியான சந்தேகத்துக்குரியவரையே சுட்டியிருக்கிறீர்கள் என்று ஒரு வாக்கியம் மட்டும் சொல்லப்பட்டது. அதன்பின் அவர்கள் தொடக்கத்திலிருந்தே உறுதியாக இருந்ததாகவும், முகத்தை நன்றாகப் பார்த்ததாகவும், கவனம் சிதறாமல் இருந்ததாகவும் சொன்னார்கள். ஆக, மாறியது உறுதி மட்டுமல்ல, பார்த்த விதத்தைப் பற்றிய நினைவே மாறிவிட்டது.

இங்கிலாந்தில் சட்டம் மீண்டும் அசைந்தது இரு வழக்குகளால். லூக் டோஹர்ட்டி என்பவர் கடையில் திரைச்சீலை திருடியதாகக் கடை ஊழியர் இருவர் அடையாளம் காட்டியதன்மேல் தண்டனை பெற்றார். திருட்டு நடந்த நேரத்தில் அவர் பலரோடு பேருந்துச் சுற்றுலா சென்றிருந்தது பின்னர் உறுதியானது. லாஸ்லோ விராக் என்பவரை எட்டுச் சாட்சிகள் அடையாளம் காட்டினர். அவர்களில் காவலர்களும் உண்டு. ஐந்தாண்டுக்குப் பின் வேறொருவரே குற்றவாளி என்று தெரிந்தது. நீதிபதி டெவ்லின் தலைமையில் 1974-இல் அமைந்த குழு 1976-இல் தந்த அறிக்கை, 1973-ஆம் ஆண்டில் அடையாளச் சாட்சியத்தைத் தவிர வேறு ஆதாரமே இல்லாத 347 வழக்குகளில் நூற்றுக்கு 74 வழக்குகள் தண்டனையில் முடிந்ததாகக் கணக்கிட்டது. அடையாளச் சாட்சியத்தை மட்டும் கொண்டு பொதுவாகத் தண்டிக்கக் கூடாது என்று குழு பரிந்துரைத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வளவு தூரம் செல்லாமல், டர்ன்புல் வழக்கில், சாட்சி எவ்வளவு நேரம் பார்த்தார், எவ்வளவு தூரத்திலிருந்து, எத்தகைய வெளிச்சத்தில், இடையில் மறைப்பு இருந்ததா, முன்பே அறிந்தவரா, எத்தனை நாள் கழித்து அடையாளம் காட்டினார் என்பவற்றை ஜூரிகளுக்கு எடுத்துச்சொல்லி எச்சரிக்கவேண்டும் என்று வழிகாட்டியது. இந்தக் கேள்விப் பட்டியல் பல நாட்டு நீதிமன்றங்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் அதன் ஒவ்வொரு கேள்விக்கும் விடை தருபவர் அதே சாட்சிதான் என்பதையும், ஒரு பாராட்டு வாக்கியத்தாலேயே அந்த விடைகள் மாறிவிடும் என்பதை வெல்ஸின் சோதனை பின்னர் காட்டியதையும் சேர்த்துப் பார்த்தால், எச்சரிக்கை என்ற மருந்து நோயின் அளவுக்குப் போதாது என்பது விளங்கும்.

இந்தியாவில் இதே நடைமுறை வேறு பாதையில் வளர்ந்தது. 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம் ஒருவரின் அடையாளத்தை நிலைநாட்டும் செய்திகளைத் தொடர்புடைய சான்றாக அதன் 9-ஆம் பிரிவில் ஏற்றது. அணிவகுப்பு என்ற சொல்லோ அதை நடத்தும் முறையோ அங்கே இல்லை. ஆனால் காலனிய அரசு தன் காவல்துறையைத் தானே நம்பவில்லை. காவலரிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்றது சாட்சியச் சட்டம். புலன்விசாரணையின்போது காவலரிடம் சொன்னதைச் சாட்சியமாகப் பயன்படுத்தலாகாது என்றது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 162-ஆம் பிரிவு. அணிவகுப்பில் விரல் நீட்டுவதும் ஒருவகை வாக்குமூலமே என்று கருதிய உச்ச நீதிமன்றம், காவலர் முன்னிலையில் நடந்த அடையாளம் காட்டலும் இந்தத் தடைக்கு உட்பட்டதே என்று 1954-இல் பம்பாய் மாநில வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. அதனால் இந்தியாவில் அணிவகுப்பு காவல் நிலையத்தை விட்டுச் சிறைவளாகத்துக்குள் சென்று, நடுவர் ஒருவரின் பொறுப்பாகியது. இங்கிலாந்தில் காவல்துறையே நடத்திவந்த ஒரு சடங்கு இங்கே நீதித்துறையின் கைக்கு வந்தது பெருமைக்குரியதே.

அந்தச் சடங்கின் உள்ளே சென்று பார்த்தால் அக்கறையும் நுட்பமும் தெரிகின்றன. நடுவர் சிறைக்கு வந்ததும் காவலர் வெளியேற்றப்படுகின்றனர். வயதிலும் உடல்வாகிலும் ஒத்த பிற கைதிகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். எதிரி எனப்படும் குற்றம்சாட்டப்பட்டவருக்கு, வரிசையில் தான் விரும்பிய இடத்தில் நிற்கவும், ஒரு சாட்சிக்கும் அடுத்த சாட்சிக்கும் இடையில் இடம் மாறவும், சட்டையை மாற்றிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. பார்த்துமுடித்த சாட்சி காத்திருக்கும் சாட்சியோடு பேசாதபடி தனியே வைக்கப்படுகிறார். தன்னைச் சாட்சிகளுக்கு முன்பே காட்டிவிட்டார்கள் என்று எதிரி முறையிட்டால் அதுவும் நடுவரின் குறிப்பில் ஏறுகிறது. வட மாநிலங்களில் கைதான நாள் முதல் அணிவகுப்பு நாள் வரை முகத்தைத் துணியால் மூடியே கொண்டுசெல்லும் வழக்கத்துக்குக் காவல்துறை ஆவணங்கள் பாபர்தா என்று பெயரிடுகின்றன. கைது செய்த இடத்திலிருந்து சிறைவாசல் வரை எந்த இடத்திலும் துணி விலகவில்லை என்று ஒவ்வொரு காவலரும் நீதிமன்றத்தில் சொல்லவேண்டியிருக்கிறது. முகத்தில் தழும்போ மச்சமோ இருந்தால் அதன்மேல் காகிதத் துண்டு ஒட்டி, வரிசையில் நிற்கும் மற்றவர்களுக்கும் அதே இடத்தில் ஒட்டும் வழக்கமும் அங்கே இருந்தது. பெக்கின் நரைத்த மீசைக்கு இத்தகைய கவனம் கிடைத்திருந்தால் அவருடைய ஐந்தாண்டுச் சிறைவாசம் நேர்ந்திராது.

இவை அனைத்தும் காவல்துறையின் சூழ்ச்சிக்கு எதிரான காப்புகள். நினைவின் இயல்பான பிழைக்கு எதிரானவை மிகக் குறைவு. இதைவிடப் பெரிய முரண் சட்டக் கோட்பாட்டில் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 1970-இல் புத்சேன் வழக்கில் தெளிவாக்கியபடி, அணிவகுப்பில் அடையாளம் காட்டுவது தன்னளவில் அடிப்படைச் சான்று அன்று, அது புலன்விசாரணை சரியான திசையில் செல்கிறதா என்று பார்க்கவும், பின்னர் வரும் சாட்சியத்துக்குத் துணைநிற்கவும் மட்டுமே உதவும். அடிப்படைச் சான்று என்பது விசாரணை நாளில் சாட்சி கூண்டிலேறி எதிரியைச் சுட்டிக்காட்டுவதுதான். சத்தியப்பிரமாணத்தின் கீழ், குறுக்கு விசாரணைக்கு உட்பட்டுச் சொல்வதே சான்று என்ற கொள்கையிலிருந்து இது இயல்பாகப் பிறக்கிறது. பொய்யரைப் பிடிக்க அமைத்த கொள்கை என்பதால் அதற்குள் குறை இல்லை. ஆனால் நினைவு இயங்கும் விதம் இதற்கு நேர்மாறானது. குற்றம் நடந்து சில நாளில், பிற செய்திகள் கலவாத நிலையில், முதன்முறையாக முகத்தைப் பார்த்துச் சாட்சி காட்டும் தெளிவோ தயக்கமோதான் அவரிடமிருந்து கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த தகவல். ஜான் விக்ஸ்டெட்டும் வெல்ஸும் 2017-இல் தொகுத்துரைத்த ஆய்வுகள் இதையே வலியுறுத்துகின்றன. சில ஆண்டுகள் கழித்து, நீதிமன்றக் கூண்டில் காவலர் பக்கத்தில் நிற்கும் ஒரே ஆளைச் சுட்டுவதில் நினைவுக்கு வேலையே இல்லை. 1860-இல் லண்டன் காவல்துறை எதைத் தவிர்க்க முயன்றதோ அந்தத் தனியாள் காட்சியே அது.

நீதிமன்றங்கள் இதை அறியாதவை அல்ல. 1979-இல் கேரள வழக்கொன்றில், முன்பின் அறியாத ஒருவரை அணிவகுப்பு ஏதும் நடத்தாமல் நீதிமன்றத்தில் முதன்முறையாகச் சுட்டுவது மதிப்பற்றது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2003-இல் மத்தியப் பிரதேச வழக்கொன்றில், அணிவகுப்பு நடத்தாதது மட்டுமே நீதிமன்ற அடையாளத்தைச் செல்லாததாக்கிவிடாது, அதன் எடையை நீதிமன்றமே தீர்மானிக்கும் என்றும் சொன்னது. இரண்டுக்கும் இடையில் உள்ள பரந்த வெளியில் விசாரணை நீதிமன்றங்கள் அன்றாடம் நடமாடுகின்றன. சாட்சிகளின் எண்ணிக்கையைவிடத் தரமே முக்கியம், முழுதும் நம்பத்தக்க ஒரே சாட்சியின்மேல் கொலைக் குற்றத்தையும் நிலைநாட்டலாம் என்று 1957-இல் மதராஸ் மாநில வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. அது எதிரியை முன்பே நன்கறிந்த சாட்சியைப் பற்றிய விதி என்ற அளவில் உறுதியானது. அந்நியரை ஒரு நொடி பார்த்த சாட்சிக்கும் அதை அப்படியே நீட்டும்போது, நம்பத்தக்கவர் என்ற சொல் நேர்மையானவர் என்ற பொருளை மட்டுமே தாங்கி நிற்கிறது.

மற்ற நாடுகளில் கடந்த முப்பது ஆண்டுகளில் மாற்றத்தைக் கொண்டுவந்தது மரபணுச் சோதனை. அமெரிக்காவில் மரபணுச் சான்றால் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டோரின் வழக்குகளில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபதில் தவறான அடையாளம் காட்டல் பங்கு கொண்டிருந்தது. 2014-இல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் கழகத்தின் குழு, அணிவகுப்பை நடத்துபவருக்கே சந்தேகத்துக்குரியவர் யார் என்று தெரியாமல் இருக்கவேண்டும், குற்றவாளி வரிசையில் இல்லாமலும் இருக்கலாம் என்று சாட்சியிடம் முன்னரே சொல்லவேண்டும், அடையாளம் காட்டிய அதே கணத்தில் சாட்சி தன் உறுதியைத் தன் சொற்களில் சொல்வதைப் பதிவு செய்யவேண்டும், முழுவதும் ஒளிப்பதிவாகவேண்டும் என்று பரிந்துரைத்தது. இங்கிலாந்தில் நேரடி அணிவகுப்பு பெரும்பாலும் மறைந்து, சந்தேகத்துக்குரியவரோடு ஒத்த தோற்றமுடைய எட்டுப் பேராவது இடம்பெறும் ஒளிப்பதிவுத் தொகுப்பு அதன் இடத்தைப் பிடித்துவிட்டது.

இந்தியாவில் கைதானவரை அடையாள அணிவகுப்புக்கு உட்படுத்தும் அதிகாரம் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி, 54-ஏ என்ற பிரிவாகக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முதன்முறையாக வெளிப்படையாக எழுதப்பட்டு, 2006-இல் நடைமுறைக்கு வந்தது. 2013-இல் மாற்றுத்திறனாளிச் சாட்சிகளின் அடையாளம் காட்டல் நடுவரின் மேற்பார்வையில் ஒளிப்பதிவு செய்யப்படவேண்டும் என்ற விதி சேர்ந்தது. பிற சாட்சிகளுக்கு அத்தகைய விதி இல்லை. கைதானவரின் முகம் அன்று மாலையே தொலைக்காட்சியிலும், இரவுக்குள் செல்பேசிகளிலும் பரவிவிடும் காலத்தில், பாபர்தா என்ற துணி எதை மறைக்கும் என்ற கேள்விக்கும் அச்சட்டத்தில் இடமில்லை. அணிவகுப்புக்கு முன்பே படம் நாளிதழில் வந்திருந்தால் அதன் மதிப்பு குறையும் என்று தீர்ப்புகள் வழக்குதோறும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 54-ஆம் பிரிவு பழைய 54-ஏ பிரிவை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. எத்தனை பேரை நிறுத்துவது, அவர்களைத் தேர்பவர் யார், சந்தேகத்துக்குரியவர் யார் என்று நடத்துபவருக்குத் தெரிந்திருக்கலாமா, சாட்சி அந்தக் கணத்தில் சொன்ன சொற்களை எழுதிவைக்கவேண்டுமா என்பவற்றில் எதையும் அது பேசவில்லை. நீதிமன்றம் தகுமெனக் கருதும் முறையில் அடையாளம் காட்டச் செய்யலாம் என்ற ஒற்றைத் தொடரோடு நின்றுவிடுகிறது.